ஐந்நூறு மீட்டருக்குள்

பிப்ரவரி 6, திங்கள்

ஜெசிந்தா வந்துவிட்டாள். பதினொரு மணிக்கு இயக்குநர் தன் அறைக்கு எல்லாரையும் அழைத்து அறிமுகம் செய்துவைத்தார். எனக்கு அவளை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எம்.எஸ்ஸி.யில் இரண்டு வருடம் ஒரே விடுதி அறை. பிறகு இதே ஆய்வு மையத்தில் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. எட்டு வருடத்துக்கு முன்னால் நார்வேக்குப் போனாள். இப்போது திட்டத் தலைவராகத் திரும்பியிருக்கிறாள். நான் அதே மேசையில்தான் இருக்கிறேன்.

திட்டம் இதுதான். நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கரையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில், பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி எண்ணெய்க் கிணறு தோண்டியது. தோண்டும்போது வந்த கல்தூளும், துளைக்குள் செலுத்திய ரசாயனச் சேறும் அங்கேயே கடலடியில் கொட்டப்பட்டன. அந்தக் குவியலைச் சுற்றி இப்போது என்ன உயிர் இருக்கிறது, அழிந்தவை திரும்பினவா என்று பார்க்க வேண்டும். முதல் வருடமும் மூன்றாம் வருடமும் பார்த்தது நான். ‘கடலடி ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது’ என்ற என் மூன்றாம் வருட அறிக்கையைத்தான் இன்றைக்கும் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பதினோராம் வருடத்தைப் பார்க்க மட்டும் நார்வேயிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

“மங்கை இல்லாம இது நடக்காது சார்” என்றாள், எல்லார் முன்னாலும். ஏ.சி. அறையும் தலைவர் பதவியும் கையில் இருந்தால் நானும் அப்படிப் பெருந்தன்மையாகப் பேசுவேன்.

வரும் வழியில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 9, வியாழன்

ஏ.சி. அறையைப் பற்றி நான் சும்மா எழுதினேன். உண்மையிலேயே கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டு நான்கு வருடம் ஆகிறது.

பிப்ரவரி 14, செவ்வாய்

கப்பலில் இரண்டாம் நாள். இருபது வருடமாகக் கடலுக்கு வருகிறவள் நான். இன்று காலையில் மூன்று முறை வாந்தி எடுத்தேன். அவள் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள், அலை அவளை ஒன்றும் செய்யாது. தளத்தில் வெறுங்காலோடு நின்று, ஆய்வக உதவியாளர் அமிர்தலிங்கத்தோடு சேர்ந்து கம்பிவடத்தை இழுக்கிறாள். அமிர்தலிங்கம் என்னோடு பதினேழு வருடம் வேலை செய்கிறார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிணற்றிலிருந்து நூறு, இருநூற்றைம்பது, ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் என்று ஐந்து இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை இரும்பு அள்ளியை இறக்கி அடிமண்ணை எடுக்கிறோம். நூறு மீட்டரில் வந்த மண் கறுப்பாக இருந்தது, அழுகிய முட்டை நாற்றம். சல்லடையில் கழுவினால் பொடிப்பொடியாகக் கல்தூள், அதற்குள் நூல் நூலாகச் சிவப்புப் புழுக்கள். வேறு ஒன்றுமில்லை. ஐந்நூறு மீட்டரில் மண்ணே வேறு, பழுப்பு நிறம், சின்னச் சிப்பிகள். மயிரிழை போன்ற கைகளோடு ஒரு நட்சத்திர மீன் சல்லடைமேல் நெளிந்தது.

“இங்க பாரு மங்கை! வந்துருச்சு!” என்று கத்தினாள். ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அப்போது எனக்கும் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

பிறகு அவள், “ஆனா நூறு மீட்டர் ஏன் இப்படி இருக்கு? மூணாம் வருஷமே நல்லா இருந்துச்சுன்னுல்ல எழுதியிருக்க?” என்றாள்.

தலை சுற்றுகிறது என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். உண்மையாகவே சுற்றியது.

பிப்ரவரி 19, ஞாயிறு

இரவுச் சாப்பாட்டுக்கு அவளை அழைக்கச் சொன்னது என் கணவர் பாலகுருதான். வஞ்சிர மீன் குழம்பு வைத்தேன். “கொடம்புளி போட்டியா?” என்று கேட்டுவிட்டு இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மகள் யாழினிக்கு அடுத்த மாதம் பிளஸ் டூ தேர்வு. மூன்று வருடமாக அவளிடம், ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் ஒரு புழுவையாவது பார் என்று கெஞ்சியிருக்கிறேன். “ஐயே, போம்மா” என்பாள். இன்று ஜெசிந்தா தன் போனில் ஏதோ ஒரு புழு குழாய் கட்டும் வீடியோவைக் காட்டினாள். ஒன்றரை மணி நேரம் அவள் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என் மகள். “அம்மா, ஆன்ட்டி செம்மையா சொல்றாங்க இல்ல?” என்கிறாள்.

பாத்திரம் எல்லாவற்றையும் நானே தேய்த்தேன்.

பிப்ரவரி 27, திங்கள்

பதினைந்து ஜாடிகளையும் பிரித்து எண்ணத் தொடங்கிவிட்டோம். இளஞ்சிவப்புச் சாயம் ஏறிய உயிர்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, இனம் பார்த்து, எண்ண வேண்டும். ஒரு ஜாடிக்கு மூன்று நாள், சில சமயம் நான்கு நாள். அவள் என்னைவிட வேகம். நான் மெதுவாகச் செய்கிறேன், ஏனென்றால் கவனமாகச் செய்கிறேன்.

மாலையில் கேட்டாள். “உன்னோட மூணாம் வருஷ ஜாடியெல்லாம் ஸ்டோர்ல இருக்குமில்ல? ஒருதரம் பாத்துட்டா ஒப்பிட வசதியா இருக்கும்.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அநேகமாகக் காய்ந்துபோயிருக்கும், தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றும் சொன்னேன்.

மார்ச் 5, ஞாயிறு

பாலகுரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் மையத்துக்குப் போய் ஸ்டோர் ரூமைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். மூன்றாம் வருட ஜாடிகளில் ஒன்பது இருந்தன. அங்கே ஈரம் அதிகம், கரையான் வேறு. பாதுகாப்புக்காகக் காரின் டிக்கியில் வைத்திருக்கிறேன்.

ஃபார்மலினை எப்படிக் கொட்ட வேண்டும் என்ற விதிமுறைத் தாளை எடுத்து மறுபடி படித்தேன். பொதுவாகத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மார்ச் 7, செவ்வாய்

காரில் ஏதோ நாறுகிறது என்கிறாள் யாழினி. மீன் வாங்கியபோது சிந்தியிருக்கும் என்றேன்.

மார்ச் 13, திங்கள்

ஜெசிந்தா தன் வரைபடத்தைப் பலகையில் ஒட்டிவைத்து, எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். முதல் வருடம், எல்லாம் செத்துக் கிடந்தது. மூன்றாம் வருடம், என் அறிக்கையின்படி இருநூற்றைம்பது மீட்டரில் நாற்பத்தொரு இனங்கள். பதினோராம் வருடம், அதே இடத்தில் முப்பத்து நான்கு. நூறு மீட்டரில் ஏழு.

“ஒண்ணு ஏறிட்டே போகணும், இல்ல கெடந்த இடத்துல கெடக்கணும். ஏறிட்டு எப்படிடி எறங்கும்?” என்றாள்.

புயல் வந்திருக்கிறது, வெள்ளம் வந்திருக்கிறது, கடலில் ஆயிரம் நடக்கும் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ம்” என்றாள்.

அவளுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது என்பது எனக்கு இரண்டு மணி நேரம் இதமாக இருந்தது.

மார்ச் 17, வெள்ளி

கம்பெனி அதே பகுதியில் இன்னும் மூன்று கிணறு கேட்கிறது. 29ஆம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் மையம் கொடுத்த இடைக்கால எண்களையும் சேர்த்துக் கம்பெனியின் ஆலோசகர் எழுதிய சுருக்க அறிக்கை இன்று வந்தது. என் பெயர் ஆறு இடத்தில் இருக்கிறது. ‘முனைவர் மங்கையர்க்கரசியின் விரிவான ஆய்வு’ என்று போட்டிருக்கிறார்கள். ஜெசிந்தாவின் பெயர் ஒரே ஒரு இடத்தில், அதுவும் எழுத்துப்பிழையோடு. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

மதியத்துக்கு மேல்தான் முழுவதையும் படித்தேன். அவர்கள் சொல்வது இது: மூன்றாம் வருடத்திலேயே கடலடி தேறிவிட்டது, அதற்கு மங்கையர்க்கரசியே சாட்சி. ஆகவே இப்போது அங்கே காணப்படும் கேடு கிணற்றால் வந்ததல்ல, அடிமண்ணை வாரும் விசைப்படகுகளின் வலையால் வந்தது. ஆகவே கிணறுகளைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு மீன்பிடிப் படகுகளைத் தடை செய்ய வேண்டும்.

ஜெசிந்தாவின் அண்ணன் சவரிமுத்துவின் படகு அங்கேதான் போகிறது. அவர்கள் ஊரான சவுக்கடிக்குப்பத்துப் படகுகள் எல்லாமே அங்கேதான் போகின்றன.

மார்ச் 20, திங்கள்

சவரிமுத்து இன்னும் நான்கு பேரோடு தங்கையைப் பார்க்க வந்தார். அவள் இயக்குநரோடு பேசிக்கொண்டிருந்ததால் என் மேசையருகே உட்கார வைத்தார்கள். டீ வரவழைத்தேன். அவர் குடிக்கவில்லை. கையில் அந்த அறிக்கையின் நகல்.

“நீங்கதானம்மா மூணாம் வருசம் பாத்தது?”

“ஆமாங்க.”

“எல்லாம் வந்துருச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த வருசம் அந்தப் பக்கம் வல போட்டா கருஞ்சேறுதாம்மா வரும். வல நாறும், சோப்புப் போட்டுத் தொவைப்போம். நண்டு, எறா ஒண்ணும் கெடையாது. அஞ்சாறு வருசம் அந்தப் பக்கமே நாங்க போவுல. இப்பத்தான் கொஞ்சம் வருதுன்னு போறோம். நாங்கதான் கெடுத்தோம்னு இதுல போட்டுருக்கு.”

டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“தப்பா கேக்குலம்மா. நீங்க படிச்சவங்க. பாத்துத்தான எழுதியிருப்பீங்க?”

அதற்குள் ஜெசிந்தா வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அவர்களோடு பேசும்போது குரலே மாறிவிடுகிறது, கை நீட்டிச் சத்தமாகப் பேசுகிறாள். அவளுக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள்.

யாழினிக்கு இன்று வேதியியல் தேர்வு. சுமார் என்கிறாள்.

மார்ச் 23, வியாழன்

தூக்கமில்லை. தலைவலி மாத்திரை.

மார்ச் 25, சனி

அமிர்தலிங்கம் வீட்டுக்கே வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் முதல் முறை. வாசலிலேயே நின்றார்.

“மேடம், ஸ்டோர்ல மூணாவது தட்டுல தூசியில ஒம்போது வட்டம் இருக்கு. ஜாடி இருந்த இடம்.”

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் டிக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அந்த வாசனை வெளியே வரைக்கும் வந்திருந்தது.

“கொட்டிட்டீங்களா?”

“இல்ல.”

“தொறந்தீங்களா?”

“இன்னைக்கித் தொறந்து எண்ணிடலாம்னு...”

“வேணாம் மேடம். தனியாத் தொறந்தீங்கன்னா அப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. மூடி மூடினபடியே இருக்கட்டும்.” போகத் திரும்பியவர் நின்று சொன்னார். “அந்த வருஷமே எனக்குத் தெரியும். அதெல்லாம் பிரிக்கலேன்னு. பிரிச்சு எண்ணுற தட்டெல்லாம் கழுவுறவன் நான்தானே.”

எட்டு வருடம் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அவரிடம் நன்றி தோன்றியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

மார்ச் 26, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். மூன்றாம் வருடம் பதினைந்து ஜாடி எடுத்தோம். ஆறைத்தான் திறந்தேன். ஆயிரம் மீட்டரும் இரண்டாயிரம் மீட்டரும். அங்கே எல்லாம் நன்றாக இருந்தது. நூறு, இருநூற்றைம்பது, ஐந்நூறு, இந்த மூன்றின் ஒன்பது ஜாடிகளைத் திறக்கவே இல்லை. அப்போது நார்வே உதவித்தொகைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன், ஜெசிந்தாவும் விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அவளிடம் அச்சான கட்டுரை இருந்தது, என்னிடம் இல்லை. முடிந்த ஓர் அறிக்கையாவது கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தூரத்து எண்களை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சம் குறைத்து, பக்கத்து எண்களை எழுதினேன். நாற்பத்தொன்று என்ற எண்ணை ஒரு மாலையில் டீ குடித்துக்கொண்டே தீர்மானித்தேன். பிறகு திறந்து பார்த்துத் திருத்திவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவளுக்குத்தான் கிடைத்தது.

அவள் போன பிறகு அந்தத் தட்டுப் பக்கமே நான் போகவில்லை.

மார்ச் 27, திங்கள்

காலை எட்டரைக்கே போய் ஒன்பது ஜாடிகளையும் அவள் மேசையில் வரிசையாக வைத்தேன். அவள் வந்து பையைக்கூட இறக்கவில்லை. ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

“இது என் கையெழுத்து.”

ஆமாம். அந்தப் பயணத்து ஜாடிகள் கரைக்கு வந்ததும் லேபிள் எழுதியது அவள்தான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் தேதி போட்டதும் அவள்தான். அந்தத் தேதி நடுவில் கிழியாமல் அப்படியே இருந்தது. ஒன்பதிலும்.

அவள் உட்கார்ந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன், அவள் கை காட்டி நிறுத்தினாள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ரெண்டு வாரமா அந்த கிராஃப வச்சுக்கிட்டு என் கணக்குதான் தப்புன்னு நினைச்சிட்டிருந்தேன். இருநூத்தம்பது மீட்டர் ஜாடியெல்லாம் மறுபடி எண்ணினேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்த.”

“ஜெசி...”

“எங்க அண்ணன் ரெண்டு வருஷம் கேரளாவுல கூலிக்குப் போனான், தெரியுமா? மீன் இல்லாம. அப்பவே இது தெரிஞ்சிருந்தா நஷ்டஈடு கேட்டிருக்கலாம். கேக்கப் போனவங்ககிட்ட உன் அறிக்கையத்தான் காட்டினாங்க.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “புதன்கிழமை கூட்டத்துல நீயே எழுந்து சொல்லு” என்றாள்.

“நீ சொல்லேன். நீதானே தலைவர்.”

“நான் சொன்னா என்ன சொல்வாங்க தெரியுமா? கூடப் படிச்சவ மேல பொறாமைல சொல்றான்னு சொல்வாங்க.”

அவள் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள். பொறாமைப்பட்டவள் நான் என்று அவளுக்கு இதுநாள்வரை தெரியாது.

மார்ச் 29, புதன்

கல்யாண மண்டபத்தில் கூட்டம். எழுநூறு பேர் இருப்பார்கள். ஆலோசகர் திரையில் என் அட்டவணையைப் போட்டு, சிவப்பு வட்டத்துக்குள் நாற்பத்தொன்று என்று காட்டினார். பின்வரிசையில் கூச்சல்.

என் முறை வந்தது. எழுதிக்கொண்டு போன தாளைப் படிக்க முடியவில்லை. “அந்த நாற்பத்தொன்று நான் எண்ணியது அல்ல. ஐந்நூறு மீட்டருக்குள் எடுத்த ஒன்பது ஜாடிகளை நான் திறக்கவே இல்லை. அவை முத்திரையோடு இருக்கின்றன, யார் முன்னால் வேண்டுமானாலும் திறக்கலாம்” என்றேன். மைக் கீச்சிட்டது. கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்.

யாரோ ஒரு பெண், “நீ நல்லா இருப்பியா?” என்று கத்தினாள். சவரிமுத்து கத்தவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போனார். அதுதான் தாங்கவில்லை.

கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பாலகுரு வாசலில் காத்திருந்தார்.  வீட்டுக்கு வந்து தட்டை எடுத்து வைத்து, “சாப்பிடு” என்றார்.

மார்ச் 31, வெள்ளி

தற்காலிகப் பணிநீக்கம். விசாரணை முடியும்வரை ஆய்வகத்துக்குள் போகக் கூடாது.

யாழினி என்னோடு பேசுவதில்லை. தேர்வு முடிந்துவிட்டது. நாள் முழுக்க அறையில் இருக்கிறாள்.

ஏப்ரல் 6, வியாழன்

அமிர்தலிங்கம் போன் செய்தார். ஜாடிகளைத் திறக்க வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள். எண்ணுவது ஜெசிந்தா, சரிபார்ப்பது அவர்கள். இருநூற்றைம்பது மீட்டரின் முதல் ஜாடி முடிந்ததாம். ஆயிரத்து நூற்றுப் பதினாறு உயிர்கள். அதில் ஆயிரத்து எழுபது ஒரே புழு, கேபிடெல்லா. எண்ணெய்ச் சேறு அழுகும் இடத்தில் மற்றதெல்லாம் செத்த பிறகு பெருகுகிற இனம். மொத்தம் ஐந்து இனங்கள்தான்.

ஐந்து அன்றைக்கு. முப்பத்து நான்கு இன்றைக்கு. அப்படியென்றால் கடலடி உண்மையிலேயே தேறிக்கொண்டு வந்திருக்கிறது, மிக மெதுவாக, வெளியிலிருந்து உள்ளே. இழுவலையால் கெட்டிருந்தால் கிணற்றைச் சுற்றி இப்படி வளையம் வளையமாகத் தேறாது. இந்தக் கடற்கரையில் இப்படி ஒரு மீட்சியைப் பதினொரு வருடம் தொடர்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் கட்டுரை எட்டு வருடமாக என் தட்டில் இருந்தது. இப்போது அவள் எழுதப் போகிறாள். உலகம் முழுக்கப் படிப்பார்கள்.

வெட்கத்தைவிட இதுதான் அதிகமாக எரிகிறது. யாருக்கும் தெரிய வேண்டாம், இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 12, புதன்

விசாரணைக்காக மையத்துக்குப் போனேன். முடிந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ வருவதற்கு நேரமிருந்தது. உள்ளே ஜெசிந்தா எண்களைச் சொல்வதும் அமிர்தலிங்கம் திருப்பிச் சொல்வதும் கேட்டன. ஐந்நூறு மீட்டரின் முதல் ஜாடி. நடுவில் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

பிறகு கதவு திறந்தது. ஜெசிந்தா. கண்ணுக்குக் கீழே மைக்ராஸ்கோப் அழுத்திய தடம். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேர்.

“உள்ள வா.”

“நான் வரக் கூடாது.”

“அவங்ககிட்ட கேட்டுட்டேன். எதையும் தொடாம பாக்கலாம். ஒரு புழு. என் புத்தகத்துல இல்ல, அவங்களுக்கும் தெரியல. இந்தக் கடல்ல புழு பாக்குறது நீதான்.” நான் எழுந்தபோது, “மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத” என்றாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். தட்டில் ஒரு விரற்கடை நீளம், முதுகில் இரண்டு வரிசைச் செதில், நான்காவது வளையத்தில் ஒரு கறுப்புப் பட்டை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டாயிரம் மீட்டரில் மட்டும் கிடைக்கும் இனம், சேறு கலங்கினாலே போய்விடும். அது அந்த மூன்றாம் வருடத்திலேயே ஐந்நூறு மீட்டர் வரைக்கும் வந்து, ஒரே ஒருத்தியாக இருந்திருக்கிறது.

அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. எத்தனை வருடமாக இதற்கு ஏங்கியிருக்கிறேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. அந்தப் புழு அந்தக் கட்டுரையில் வராமல் போய்விடும்.

பெயரைச் சொன்னேன். எந்த வளையத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். பேராசிரியர்கள் இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்துத் தலையசைத்தார்கள். ஜெசிந்தா பதிவேட்டில் எழுதிவிட்டு, என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“சரியா?”

லத்தீன் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. சொன்னேன். அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.